காய்ச்சல் விட்ட நான்காம் நாள்

என் மாமியாருக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே, பர்மாவின் மோல்மீனில். தமிழ்நாட்டு மண்ணை ஒருநாளும் மிதித்ததில்லை. ஆனால் அவருடைய பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தபோது சுக்கு, ஓமம், திப்பிலியோடு அந்த ஊர் மழைக் கணக்கையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். ஐப்பசி பிறந்தால் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் கஷாயம். கார்த்திகையில் தலைக்குக் குல்லா. பங்குனியில் வாசலில் வேப்பிலை. நான் மருமகளாக வந்தபோது இந்த வரிசையை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன்.

மோல்மீன் மழை அந்தக் கணக்குக்குள் வராது. இங்கே வைகாசியில் இறங்கும் மழை ஆனி, ஆடி, ஆவணி முழுக்கக் கொட்டித் தீர்த்து, ஐப்பசியில் ஓய்ந்துவிடும். ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கும் மேல். சென்னையில் ஏறக்குறைய 1,400 என்பார்கள், அதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குப் பெரும்பாலும் வானம் வெளுத்திருக்கும். அத்தை கஷாயத்துக்கு அடுப்பு மூட்டும்போது, அந்த ஆண்டின் மழைக் காய்ச்சல் தெருவிலுள்ள பிள்ளைகளை ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போயே போயிருக்கும்.

இது எனக்குப் புரிய 2015 வரை ஆனது. என் மகனுக்கு அப்போது 7 வயது.

பர்மாவில் பள்ளிக்கூடம் ஜூன் தொடக்கத்தில் திறக்கும். மழையும் பள்ளியும் ஒன்றாகத்தான் வரும். வெள்ளைச் சட்டை, பச்சைக் கால்சட்டை, முழங்காலுக்குக் கீழே வெறும் கால், ரப்பர் செருப்பு, குடை. அப்படித்தான் என் மகனும் போனான். ஆனி மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வீட்டுக்கு வந்தவன் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் பாயில் படுத்துவிட்டான். தொட்டால் கை சுட்டது. சளி இல்லை, இருமல் இல்லை. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது, கால் குடைகிறது என்றான். முகம் செக்கச் செவேல் என்றிருந்தது.

“மழையில நனைஞ்சிருக்கான். வேற ஒண்ணுமில்ல” என்றார் அத்தை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் நாள் மாலை நன்றாக நனைந்துகொண்டுதான் வந்திருந்தான்.

மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. தெர்மாமீட்டரில் 39.6. என் கணவர் தெருமுனை மருந்துக் கடையில் சொல்லி ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். பர்மாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பொட்டலம் தெரியும். நான்கைந்து நிற மாத்திரைகளை ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று கொடுப்பார்கள். எந்த மாத்திரையிலும் பெயர் இருக்காது. இரண்டு வேளை கொடுத்தேன். வியர்த்து, காய்ச்சல் கொஞ்சம் குறைந்து, திரும்ப ஏறியது. மூன்றாம் நாளும் அதே கதை. கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு வேண்டாம் என்பான்.

நான்காம் நாள் காலை தொட்டுப் பார்த்தால் உடம்பு குளிர்ந்திருந்தது. தெர்மாமீட்டர் 37. அத்தை சாமி படத்துக்கு விளக்கேற்றினார். “காச்சல் விட்டுருச்சு ராசா, இன்னிக்குத் தலைக்கு ஊத்திருவோம்” என்று வெந்நீரில் வேப்பிலை போட்டு வைத்தார். நான் மூன்று இரவு தூங்காத களைப்பில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கணவர் வேலைக்குப் போய்விட்டார்.

ஆனால் பையன் எழுந்து விளையாடவில்லை. காய்ச்சல் விட்ட பிள்ளை பசிக்கிறது என்று கேட்க வேண்டும், அல்லது தங்குதடையில்லாமல் தூங்க வேண்டும். இவன் புரண்டு புரண்டு படுத்தான். வயிறு வலிக்கிறது என்றான். கொடுத்த இளநீரை அப்படியே வாந்தி எடுத்தான், பிறகு இன்னொரு முறை, மதியத்துக்குள் நான்கு முறை. களைப்புதான் என்று அத்தை சொன்னார். நானும் நம்பினேன். நம்பவே விரும்பினேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு மோன் இனத்து அம்மா இருந்தார், தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் சயாமா என்று கூப்பிடுவோம். ஏதோ பாத்திரம் திருப்பித் தர வந்தவர் பாயில் கிடந்த பையனைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். நெற்றியில் அவர் கை வைக்கவில்லை. நேராகப் பாதத்தைப் பிடித்தார். பிறகு கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டுவிட்டுப் பார்த்தார். வெளுத்த நகம் திரும்பச் சிவப்பாக நேரமெடுத்தது.

“காய்ச்சல் எத்தனையாவது நாள்?”

“நாலு. இன்னிக்கு விட்டுடுச்சு சயாமா.”

“கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்?”

எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் முந்தைய இரவு. அப்போது பகல் பன்னிரண்டு மணி. அவர் வேறெதுவும் கேட்கவில்லை. “இப்பவே கிளம்பு” என்றார். கொட்டும் மழையில் சைக்கிள் கார் பிடித்து, பையனை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவன் பாதத்தை என் புடவைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சூடு ஏறவில்லை.

டெங்கு. அங்கே அவனுடைய இரத்தத்தைச் சோதித்துவிட்டு, இரத்தம் கெட்டிப்பட்டிருக்கிறது, நாளத்திலிருந்து நீர் கசிந்து வெளியே போகிறது என்றார்கள். சலைன் ஏற்றினார்கள். மணிக்கு ஒருமுறை நாடி, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். இரண்டு இரவு அப்படியே போனது. மூன்றாம் நாள் காலை பசிக்கிறது என்றான். இந்த ஊர் மீன் குழம்பு நூடுல்ஸான மொகிங்கா வேண்டும் என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

அங்கிருந்த டாக்டர் எனக்குப் பொறுமையாகச் சொன்னதும், அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில் நான் தேடித் தெரிந்துகொண்டதும்தான் இனி எழுதப்போவது. நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் அன்று காலை இதையெல்லாம் ஒருவர் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த நாலு மணி நேரத்தை நான் வீணாக்கியிருக்க மாட்டேன்.

மற்றக் காய்ச்சல்களில் சூடு இறங்கினால் நோய் இறங்கியது என்று அர்த்தம். டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே சூடு இறங்கும்போதுதான். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் அது வரும். ஒன்று அல்லது இரண்டு நாள் இருக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஆவதில்லை. பலர் அந்தக் கட்டத்தைச் சிரமமில்லாமல் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளை தாண்டும், எது தாண்டாது என்று முன்னதாகச் சொல்ல முடியாது. அதனால் காய்ச்சல் விட்ட அன்றைக்குத்தான் தாய் கண்ணை மூடக் கூடாது. தலைக்கு ஊற்றுவதையும் விளக்கேற்றுவதையும் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.

என்ன பார்க்க வேண்டும்? விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், காரணமில்லாத அமைதியின்மை அல்லது எழுப்பினாலும் எழாத தூக்கக் கலக்கம், கைகால் சில்லிட்டு ஈரமாக இருப்பது. இதில் ஒன்று இருந்தாலே ஆஸ்பத்திரி. சிறுநீரையும் கணக்கு வைக்க வேண்டும். ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. நான் இப்போதெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு தாளை எடுத்துச் சுவரில் ஒட்டிவிடுவேன். மணி, சூடு, குடித்தது, ஒன்றுக்குப் போனது. அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினால் டாக்டருக்குப் பாதிக் கேள்வி மிச்சம்.

இந்த நோயைப் பர்மியத்தில் ‘துவே லூன் தொக்குவே’ என்பார்கள். ‘துவே’ என்றால் இரத்தம், ‘தொக்குவே’ என்றால் சளிக் காய்ச்சல். இரத்தம் மிகும் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பெயரே பல பிள்ளைகளுக்கு எமனாகிறது என்று எனக்கு ஒரு எண்ணம். இரத்தம் கசிந்தால்தான் அந்த நோய், இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் காத்திருக்கிறார்கள். என் மகனுக்கு ஒரு சொட்டு இரத்தம்கூட வெளியே வரவில்லை. கசிந்தது இரத்தத்தின் நீர், அதுவும் உள்ளுக்குள்ளேயே. கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

‘எங்க காலத்துல இந்தக் காச்சலே இல்ல’ என்று அத்தை அடிக்கடி சொல்வார். பழைய காலத்துப் பெருமை என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னது உண்மைதான். பர்மாவில் இந்த இரத்தக்கசிவு டெங்கு முதன்முதலில் பெரிதாகப் பரவியது 1970-ல், ரங்கூனில். அத்தை பிறந்தது 1950. அவருடைய பாட்டியின் கைவைத்தியத்தில் இதற்கு இடம் இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மாத்திரைப் பொட்டலத்தைப் பற்றி நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் முதலில் கேட்ட கேள்வியே அதுதான், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் கொடுக்கக் கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பாரசிட்டமால் மட்டும்தான். அதுவும் எடைக்குத் தக்கபடி, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. அடுத்த வேளைக்குக் குறைந்தது ஆறு மணி நேரமாவது விடச் சொன்னார் டாக்டர். மருந்து கொடுத்தும் சூடு முழுக்க இறங்கவில்லை என்று இடையில் இன்னொன்று கொடுக்கும் பழக்கம் ஈரலைக் கெடுக்கும். இதனால் எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் இரண்டு பிள்ளைகளின் எடையையும் எழுதி வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை அதைத் திருத்துவேன்.

பப்பாளி இலைச் சாறு பற்றியும் கேட்பார்கள். அத்தையும் ஆஸ்பத்திரிக்கே ஒரு டம்ளர் கொண்டுவந்தார். டாக்டர் அவரைத் திட்டவில்லை. வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு இவ்வளவு கசப்பைக் கொடுத்தால் உள்ளே இருக்கிற நீரும் வெளியே வந்துவிடும் அம்மா என்றார். இரத்தம் உறைய உதவும் தட்டணுவை இந்தச் சாறு கூட்டும் என்று நம்பி அதன் எண்ணிக்கையையே எல்லோரும் பிடித்துத் தொங்குகிறார்கள், நான் பார்ப்பது இரத்தம் கெட்டிப்படுகிறதா, பிள்ளை ஒன்றுக்குப் போகிறானா என்றுதான் என்றும் சொன்னார். வீட்டில் இருக்கும் நாட்களில் கஞ்சித் தண்ணீர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், பழச்சாறு எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் கொடுப்பது போதாது.

சரி, கொசு எங்கிருந்து வந்தது?

பையன் வீடு திரும்பிய மறுநாள் சயாமா வந்தார். கையில் ஒரு டார்ச். எங்கள் வீட்டைச் சுற்றி வந்தார். மோல்மீனுக்கு எதிர்க்கரைதான் மொட்டமா, வெள்ளைக்காரர்கள் மர்த்தபான் என்று எழுதிய ஊர். அந்தப் பெயரிலேயே உலகமெல்லாம் போன மெருகு பூசிய பெரிய ஜாடிகள் எங்கள் ஊர்ப் பக்கம் பல வீட்டில் இன்றும் உண்டு. எங்கள் வீட்டில் மூன்று. மழைத்தண்ணீர் பிடிக்க ஓட்டுக்குக் கீழே இரண்டு, குளிக்க ஒன்று. டார்ச் அடித்தால் மூன்றிலும் கூத்தாடிப்புழு நெளிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிட நெஞ்சில் அடித்தது அடுத்ததுதான். சாமி படத்துக்கு முன்னால் பூ வைக்கும் கண்ணாடிக் குவளை. வாடிய பூவை எடுத்துப் புதுப் பூவை வைப்போம், தண்ணீர் குறைந்தால் மேலே ஊற்றுவோம். அடியில் இருந்த தண்ணீரை எப்போது கொட்டினோம் என்று யாருக்கும் நினைவில்லை. அதிலும் புழு. பக்கத்துப் பௌத்த வீடுகளிலும் புத்தர் முன்னால் இருக்கும் பூச்சாடிகளில் இதே கதைதான் என்றார் சயாமா.

இந்தக் கொசு சாக்கடையில் வளராது. சுத்தமான தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். இரவில் வருவதும் குறைவு. விடிந்த பிறகும், மாலை இருட்டுமுன்னும் கடிக்கும். நாங்கள் இரவில் தவறாமல் வலை கட்டினோம், அது வேறு கொசுக்களுக்குத்தான் உதவியது. பகலில் பள்ளியில் டெஸ்க்குக்கு அடியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யார் பார்ப்பது? அந்த ஆண்டிலிருந்து மகன் நீளமான கால்சட்டையோடுதான் போனான். வகுப்பாசிரியையிடம் பேசினேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை, அடுத்த வாரம் இன்னும் நான்கு பிள்ளைகள் அப்படி வந்தார்கள். பகலில் தூங்கும் கைக்குழந்தைக்கும் வலை வேண்டும் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் நாட்டு சுகாதாரத் துறையின் பழைய வாசகம் ஒன்று உண்டு, நான்கே சொல்: போன், துன், லெ, சிட். மூடு, கொட்டு, மாற்று, வடி. பள்ளிப் பிள்ளைகள் பாட்டாகவே சொல்வார்கள். பெரிய ஜாடிகளை மூடு, சின்னப் பாத்திரத் தண்ணீரைக் கொட்டு, குவளைத் தண்ணீரை மாற்று, கொட்ட முடியாத தொட்டியில் துணியால் புழுவை வடி. வாரத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். முட்டை பொரிந்து கொசுவாகிப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும், அதற்குள் ஒருமுறை கலைத்துவிட்டால் வரிசை அறுந்துவிடும். எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை. எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் ஜாடிக் குளியல் என்று மகன் பெயர் வைத்தான். கொட்ட முடியாத பெரிய தொட்டிகளுக்குச் சுகாதார ஊழியர்கள் ‘ஏபேட்’ என்ற மணல் மருந்து தருவார்கள். அவர்கள் சொல்லும் அளவிலேயே போட வேண்டும்.

இதில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. இந்தக் கொசு முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. தண்ணீருக்குச் சற்று மேலே, ஜாடியின் உள்சுவரில் ஒட்டவைக்கிறது. தண்ணீர் வற்றிப் போனாலும் அந்த முட்டை காய்ந்த நிலையிலேயே பல மாதம் சாகாமல் இருக்கும். வைகாசி மழையில் ஜாடி நிரம்பி, தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டதும் பொரியத் தொடங்கும். ஆகவே ஆனியில் என் மகனைக் கடித்த கொசுவின் குலம், முந்தைய மழை முடிந்த நாளிலிருந்து என் வீட்டு ஜாடிச் சுவரிலேயே காத்திருந்திருக்கலாம். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்ப்பது மட்டும் போதாது, உள்சுவரைத் தேங்காய் நார் வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். அதைச் செய்ய வேண்டிய மாதம் பங்குனி, சித்திரை. வெயில் கொளுத்துகிறதே, இப்போது எதற்குக் கொசுவைப் பற்றிப் பேச்சு என்று தோன்றும் மாதம். ஐப்பசிக்குக் கஷாயம் வைத்த வீட்டில் பங்குனிக்கு நார் தேய்ப்பு என்று நான் வரிசையை மாற்றினேன். அத்தை முதல் ஆண்டு முணுமுணுத்தார், இரண்டாம் ஆண்டு அவரே நாரை ஊறவைத்தார்.

இந்த நோய் ஒருமுறை வந்தால் போயிற்று என்று விட முடியாது. டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒருவகை வந்தவனுக்கு அதே வகை திரும்ப வருவது அரிது, ஆனால் வேறு வகை வந்தால் இரண்டாம் முறை கடுமையாகும் வாய்ப்பு அதிகம். அதனால் என் மகன் இன்று என்னைவிட உயரமாக நின்றாலும் மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் தாள் சுவரேறிவிடும்.

மழைக்காலத்தின் மற்றத் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துணி காயாது. அரைகுறை ஈரத்தோடு போடும் உள்ளாடையாலும் காலுறையாலும் படை வரும். இரண்டு ஜோடி கூடுதலாக வைத்துக்கொண்டு, கடைசியில் இஸ்திரிப் பெட்டியால் உலர்த்திப் போடுவதுதான் வழி. விரலிடுக்கைத் துடைக்கப் பழக்குங்கள். வெள்ளம் வந்த ஆண்டுகளில் கிணற்றுத் தண்ணீரை நம்பக் கூடாது. 2019 ஆகஸ்டில் எங்கள் மாநிலத்தின் பவுங் பக்கம் மலை சரிந்து 70 பேருக்கும் மேல் இறந்தார்கள். அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் தளதளவென்று கொதிக்காத தண்ணீர் ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

இனி குளிர்காலம். எங்கள் ஊரில் குளிர் என்றால் விடியற்காலையில் இருபது டிகிரிக்குச் சற்று முன்பின்தான். ஆனாலும் மார்கழியில்தான் என் மகளை நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். 2016, அவளுக்குப் பத்து மாதம். நான்கு நாள் சளி. பனி பட்டுவிடும் என்று ஜன்னல், கதவு எல்லாம் சாத்தி, உள்ளே கொசுவர்த்தியும் ஏற்றி வைத்திருந்தோம். டெங்குவுக்குப் பயந்து கொளுத்திய வர்த்தி. பக்கத்து அடுப்படியில் விறகுப் புகை. வெளியே காய்ந்த இலையைக் குவித்து எரிக்கிற பருவம். அத்தனை புகையும் அந்தச் சின்ன நுரையீரலுக்குள்தான் போனது.

இந்த முறை எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. சளிப் பிள்ளைக்கு நெஞ்சில் காது வைத்துக் கேட்பதைவிட மூச்சை எண்ணுவது மேல். பிள்ளை தூங்கும்போதோ அழாமல் அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் தப்பாகப் போகும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, அதிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. என் மகளுக்கு 58. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. அதைப் பார்த்த பிறகு கற்பூர எண்ணெய் தேய்க்கிற நேரமில்லை. நிமோனியா என்றார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். நிமோனியாவுக்கான தடுப்பூசி எங்கள் நாட்டுக் குழந்தைகளின் அட்டவணையில் சேர்ந்ததும் அதே 2016-ல்தான். இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு அதைத் தவறவிடாதீர்கள்.

குல்லா போடுவதில் தப்பில்லை. ஆனால் குளிரைவிடப் புகையும், அடைத்த அறையில் பெரியவர்களின் இருமலும்தான் மார்கழியில் அதிகம் படுத்துகின்றன. ஜன்னலை ஒரு சாண் திறந்து, வலையைக் கட்டிப் படுக்க வைக்கிறோம். வர்த்தி இப்போது வீட்டில் கிடையாது.

கோடை வேறு மாதிரி. சித்திரை முதல் நாள் நமக்குப் புத்தாண்டு. அதே நாட்களில்தான் பர்மியர்களின் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவும். பிள்ளைகள் காலையிலிருந்து மாலை வரை தெருவில் நனைவார்கள். அதைத் தடுக்கிற கல்நெஞ்சம் எனக்கு இல்லை, தடுக்கவும் வேண்டாம். அந்தத் தண்ணீர் ஆற்றிலிருந்து வருகிறதா, குளத்திலிருந்து வருகிறதா என்று யாருக்கும் தெரியாது என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம். வாயை மூடிக்கொள்ளப் பழக்கி, மாலையில் நல்ல தண்ணீரில் கண் காது கழுவி, காதைத் துணியால் ஒற்றி எடுத்து, மறுநாள் கண் சிவந்திருந்தால் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் போதும். வேர்க்குருவுக்கு இங்கே தனக்காவை விட நல்லதை நான் காணவில்லை. கல்லில் நீர்விட்டு மரப்பட்டையை உரைத்து மெல்லியதாகப் பூசினால் குழந்தையின் முதுகு குளிர்ந்துவிடும். அக்கம்பக்கத்துப் பர்மிய அம்மாக்களிடமிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த வைத்தியம் அது, சந்தனத்துக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்திருக்கிறோம்.

கோடையில் பயப்பட வேண்டியது பேதிக்குத்தான். கிணறு வற்றி அடித் தண்ணீர் கலங்கும் மாதம். கரண்ட் இல்லாமல் குளிர்பெட்டியில் வைத்த குழம்பு கெடும் மாதம். உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை இங்கே ‘தாத்சா’ என்பார்கள், கடையெல்லாம் கிடைக்கும். அதில் அம்மாக்கள் செய்யும் ஒரு தப்பை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துவிடுகிறார்கள், அடர்த்தியாக இருந்தால் சீக்கிரம் குணமாகும் என்று. அது பேதியைக் கூட்டும், உப்பு அளவுக்கு மீறி ஏறும். பொட்டலத்தில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனை. பொட்டலம் கிடைக்காத இரவில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஒவ்வொரு முறை போன பிறகும் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். துத்தநாக மாத்திரையும் 10 முதல் 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள். பேதி நின்றதும் அதை நிறுத்திவிடாமல் சொன்ன நாள் வரை கொடுத்து முடிக்க வேண்டும். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்த வேண்டாம். பேதிக்குப் பட்டினி போடுவது எங்கள் வீட்டிலும் இருந்த பழக்கம்தான்.

இதை எழுதும்போது பங்குனி பாதி கடந்துவிட்டது. கிணற்றில் கயிறு இன்னும் இரண்டு முழம் கூடுதலாக இறங்குகிறது. நேற்று சனிக்கிழமை. மகன் மூன்று ஜாடிகளையும் வெயிலில் சாய்த்துப் போட்டான், மகள் அதற்குள் தலையை விட்டு நாரால் தேய்த்தாள். அத்தைக்கு இப்போது குனிய முடியாது. திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ‘அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் தேய், அங்கதான் ஒட்டிக்கிட்டிருக்கும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். பூக்குவளையை மட்டும் அவர் யாரிடமும் கொடுப்பதில்லை. அதை அவரே கழுவித் துடைத்து, தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார். மழை முடியும் வரை சாமிக்குச் சரம் மட்டும்தான்.